கீரை போட முன் மண்ணைப் பாருங்கள்: வன்னி வளவுகளில் பார உலோகம்

வாகனங்கள் எரிந்து கிடந்த காணி, பற்றரி உடைத்து ஈயம் உருக்கிய மூலை, வயரை எரித்துச் செம்பு எடுத்த இடம், பெயின்ற் உரியும் பழைய சுவரடி, குப்பை எரித்த கிடங்கு. இவற்றில் ஏதாவது உங்கள் வளவில் இருந்தால், அங்கே பாத்தி கட்ட முன் மண்ணைப் பரிசோதியுங்கள். பற்றரி உடைத்த இடம் மழை பெய்து ஓய்ந்ததும் தெரியும்: கறுப்பு பிளாஸ்ரிக் துண்டுகளும், அளவுக்கு மீறிப் பாரமான சாம்பல் நிறக் கட்டிகளும் மேலே கிடக்கும். கண்ணிவெடி அகற்றி ஒப்படைக்காத காணியில் மண்வெட்டியே வைக்க வேண்டாம். இனந்தெரியாத இரும்பு எதுவும் தட்டுப்பட்டால் தொடாமல் விலகி, பொலிசுக்கோ கண்ணிவெடி அகற்றுவோருக்கோ அறிவியுங்கள்.

ஈயம், கட்மியம், ஆசனிக் போன்ற நஞ்சான பார உலோகம் கிருமிநாசினியைப் போல உக்கிப் போகாது. மண்ணில் விழுந்தது தலைமுறைகளுக்கும் அங்கேயே கிடக்கும். ஆனால் மண்ணில் இருப்பதெல்லாம் சாப்பாட்டுக்கு வந்துவிடுவதில்லை. உலோகத்துக்கு உலோகம் வழி வேறு. ஈயம் பெரும்பாலும் வேரோடு நின்றுவிடும், காய்க்கு ஏறுவது மிகக் குறைவு. அது வீட்டுக்குள் வருவது இலையிலும் கிழங்குத் தோலிலும் ஒட்டிய மண்ணாகவும் தூசாகவும்தான். கட்மியம் அப்படியல்ல. நாகம், மங்கனீசு ஆகிய சத்துகளுக்காக வேர் திறந்து வைத்திருக்கும் வாசலால் நுழைந்து இலைவரை ஏறும். அதைக் கழுவி எடுக்க முடியாது.

ஆகவே சந்தேகமான நிலத்தில் முளைக்கீரை, பசளி, பொன்னாங்காணி, வல்லாரை, லெற்றூஸ் வேண்டாம். கரட், பீற்றூட், முள்ளங்கி, மரவள்ளியும் வேண்டாம். தக்காளி, வெண்டி, பூசணி, புடோல், பாகல், பயிற்றை, முருங்கைக்காய் பாதுகாப்பான பக்கம். கச்சானைக் காய்ப் பயிர் என்று நம்பி ஏமாறுவோர் உண்டு. அதன் பருப்பில் கட்மியம் சேரும். வன்னியின் மணல் நிலங்களில் கச்சான் நிறையப் போடுவதால் இதை அழுத்திச் சொல்கிறோம்.

மண் மாதிரி எடுப்பதில்தான் அதிகம் பிழை நடக்கிறது. ஒரு பாத்தித் தொகுதியில் வளைந்து வளைந்து நடந்து 15 முதல் 20 இடங்களில், 15 சென்ரிமீற்றர் ஆழம்வரை ஒரே அளவாக மண் எடுங்கள். பிளாஸ்ரிக் வாளியில் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்குகளை விலக்கி, கடைசியில் அரைக் கிலோ அளவு மிஞ்சும்வரை குறையுங்கள். நிழலில், சுத்தமான பிளாஸ்ரிக் விரிப்பில் காயவிடுங்கள். நாகம் பூசிய தகர வாளியும் பித்தளை அரிதட்டும் கூடாது. அவை மாதிரிக்குள் நாகத்தையும் செம்பையும் சேர்த்துவிடும். சந்தேகமான மூலையை முழு வளவோடு கலக்கவே கூடாது. கலந்தால் சராசரி நல்லதாக வரும், நஞ்சு மூலையில் கீரை முளைக்கும்.

வழக்கமான மண் பரிசோதனையில் மண்ணின் புளிப்பைக் காட்டும் பிஎச், பொசுபரசு, பொற்றாசியம் பார்ப்பார்கள். பார உலோகம் அதில் சேராது. ஈயம், கட்மியம், ஆசனிக் என்று பெயர் சொல்லித் தனியாகக் கேளுங்கள். எங்கே செய்விக்கலாம் என்று கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடத்திலோ உங்கள் விவசாயப் போதனாசிரியரிடமோ விசாரியுங்கள். முடிவு கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் என்று வரும். ஈயம் இயல்பாகவே 10 முதல் 50 வரை இருக்கும். 100ஐத் தாண்டினால் கீரையையும் கிழங்கையும் விடுங்கள். 200ஐத் தாண்டினாலே சிறுபிள்ளைகளை அங்கே விளையாட விடாதீர்கள். 400ஐத் தாண்டினால் அந்த மண்ணில் உணவுப் பயிரே வேண்டாம். கட்மியம் 1ஐத் தாண்டினாலே கீரையை நிறுத்துவது எங்கள் முறை.

மண் புளித்தால் கட்மியம் கரையும். பிஎச் 6.5க்குக் கீழே இருந்தால் சதுர மீற்றருக்கு 100 முதல் 200 கிராம் டொலமைற் சுண்ணாம்பை, மணல் மண்ணுக்குக் குறைவாக, நடுகைக்கு ஒரு மாதம் முன்பே மண்ணோடு கொத்திக் கலவுங்கள். ஆனால் சுண்ணாம்பு கலந்த நிலத்தில் பிஎச் ஏற்கெனவே 7.5க்கு மேலே நிற்கலாம். அங்கே டொலமைற் காசுக்கு நட்டம். ஆசனிக் இருந்தால் அதை இளக்கியும் விடும். அளந்து பார்த்த பிறகே போடுங்கள். நன்றாக உக்கிய மாட்டெருவை 5 சென்ரிமீற்றர் தடிப்புக்குப் பரப்பி மேல்மண்ணோடு கலப்பது எந்த மண்ணுக்கும் நல்லது. கோழி எருவில் தீவனத்தால் வந்த செம்பும் நாகமும் கூடுதலாக இருக்கும். வருடாவருடம் அதையே கொட்ட வேண்டாம். பொசுபரசு தரும் ரி.எஸ்.பி. பசளையோடு சிறிது கட்மியமும் வரும் என்பதால், மண் கேட்கும் அளவுக்கு மேல் அதையும் போட வேண்டாம்.

கரையோரக் கிணறு உவராக இருந்தால் இன்னொரு சிக்கல். உப்பிலுள்ள குளோரைட்டு கட்மியத்தோடு சேர்ந்து, அது வேருக்குப் போகும் வழியை இலகுவாக்கும். அங்கே பொற்றாசியம் தரும் எம்.ஓ.பி. பசளையையும் மட்டாகப் போடுங்கள், அதுவும் குளோரைட்டுத்தான்.

மண் மோசம் என்று உறுதியானால் உயர்த்திய பாத்திதான் வழி. அடியில் இரட்டையாகப் பசளைச் சாக்கை விரித்து, சீமெந்துக் கல் அடுக்கி, 30 சென்ரிமீற்றர் உயரத்துக்கு நல்ல மண் நிரப்புங்கள். பழைய பெயின்ற் பலகையும் ரயரும் வேண்டாம். குளத்து வண்டல் கொண்டுவந்தால் அதையும் பரிசோதியுங்கள். வயல்களிலிருந்து கழுவி வருவதெல்லாம் அங்கேதான் படிகிறது. பாத்தியைச் சுற்றி வைக்கோல் மூடுபடை போட்டால் மழை தெறித்து இலையில் மண் ஒட்டாது.

நெல் வயலில் கணக்கு தலைகீழ். தண்ணீர் கட்டி நின்றால் கட்மியம் மண்ணோடு பிணைந்து அடங்கும், ஆசனிக்கோ கரைந்து நெல்லுக்குள் ஏறும். வயல் காய்ந்தால் ஆசனிக் அடங்கி, கட்மியம் கிளம்பும். எது இருக்கிறது என்று தெரியாமல் நீர் முறையை மாற்றக் கூடாது. கட்மியம் கூடிய வயலில் கதிர் தள்ளுவதற்கு மூன்று கிழமை முன்பிருந்து மூன்று கிழமை பின்வரை தண்ணீர் வற்றாமல் பாருங்கள். சிறுபோகத்தில் குளத்து நீர் முறை வைத்துக் கடைசியில் இறுகுவது சரியாக இந்தப் பருவத்தில்தான். அப்படியான வயலை மாரி மழையில் செய்யும் காலபோகத்துக்கு மட்டும் வைத்திருப்பது நல்லது. ஆசனிக் கூடிய வயலில் நீரைக் கட்டியும் காயவிட்டும் மாறி மாறிச் செய்யுங்கள். உமிச் சாம்பல் தரும் சிலிக்கன் நெல்லுக்குள் ஆசனிக் ஏறுவதைக் குறைக்கும். தீட்டிய அரிசிக்குச் சர்வதேச உணவு நியமமான கோடெக்ஸ் வைத்த எல்லை, கிலோவுக்குக் கட்மியம் 0.4 மில்லிகிராம், அசேதன ஆசனிக் 0.2 மில்லிகிராம்.

சமையலில் செய்யக்கூடியது கொஞ்சம்தான், ஆனாலும் செய்யுங்கள். கீரையின் வெளி இலைகளை எறிந்து, மூன்று தண்ணீரில் அலசுங்கள். ஈயத் தூசு சந்தேகமானால் முதல் தண்ணீரில் நூற்றுக்கு ஒரு பங்கு வினாகிரி விடலாம். கிழங்கைத் தோல் சீவுங்கள். ஆசனிக் கூடிய வயலின் அரிசியை ஒன்றுக்கு ஆறு பங்கு நல்ல தண்ணீரில் அவித்து வடியுங்கள்; வடித்த கஞ்சியைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம். கிணற்றிலேயே ஆசனிக் இருந்தால் வடித்தும் பயனில்லை, முதலில் தண்ணீரை மாற்றுங்கள்.