செயலமர்வு வைக்கப் போகிறீர்களா? முதலில் அந்த மூலைக் கதிரையைப் பாருங்கள்

இலங்கையின் வடக்கே எங்கள் வன்னியில் மாற்றுத்திறனாளிகள் கூட்டம் என்றால் யார் வருவார்கள் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். காலிழந்தவர்கள், கையிழந்தவர்கள், பார்வை போனவர்கள், முள்ளந்தண்டில் அடிபட்டுச் சக்கர நாற்காலியில் இருப்பவர்கள். 2009இல் யுத்தம் முடிந்த பிறகு இத்தனை வருடத்தில் இவர்கள் சங்கம் வைக்கவும் கூட்டத்தில் எழும்பிக் கதைக்கவும் நன்றாகவே பழகிவிட்டார்கள். அதே மண்டபத்தின் பின்மூலையில், அம்மாவுக்குப் பக்கத்துக் கதிரையில், காலையில் இருந்து சிரித்துக்கொண்டே ஒரு பிள்ளை இருப்பாள். காது கேளாது. என்ன நடக்கிறது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை, சோத்துப் பார்சல் வந்ததுதான் அவளுக்கு அன்றைக்கு விளங்கிய ஒரே நிகழ்ச்சி. நான் ஒழுங்கு செய்த முதல் செயலமர்வில் அப்படி ஐந்து பேர் இருந்தார்கள். சைகை மொழிபெயர்ப்பாளர் வரவில்லை, நானும் சரி பார்த்துக்கொள்ளலாம் என்று தொடங்கிவிட்டேன். அந்தப் பிழைக்குப் பிறகு படித்ததைத்தான் எழுதுகிறேன்.

திகதியில் இருந்து தொடங்குவோம். சர்வதேச மாற்றுத்திறனாளிகள் தினம் என்று எல்லோரும் டிசம்பர் 3ஐத்தான் பிடிப்பார்கள். எங்கள் பக்கம் அது நல்ல மாரி. கிரவல் றோட்டில் சில்லு புதையும், தகரக் கூரையில் மழை அடித்தால் காதுக்கருவி போட்டவருக்கு இரைச்சலைத் தவிர ஒன்றும் கேட்காது, போதாததற்கு அன்றைக்கு மாலையும் பேச்சுமாகவே பொழுது போய்விடும். அந்த நாளை விருந்தினர்களுக்கே விட்டுவிடுங்கள். பெரும்போக அறுவடை முடிந்து சிறுபோகம் தொடங்க முன்னம், மார்ச் மாதமளவில் வைத்தால் வீட்டுக்காரருக்குக் கூட்டிவர நேரம் இருக்கும். வற்றாப்பளைப் பொங்கல், மடுத் திருவிழா, யுத்தத்தில் இறந்தவர்களை நினைக்கும் மே 18, இவற்றை ஒட்டி வைக்க வேண்டாம், ஏன் என்று இங்கே இருப்பவருக்குச் சொல்லத் தேவையில்லை. காலை 9.30 போல தொடங்கி 2 மணிக்குள் முடியுங்கள். பள்ளிக்கூட நேர பஸ்ஸில் சக்கர நாற்காலியோடு ஏற முடியாது, பின்னேரம் பிந்தினால் காட்டோர ஊர்களில் யானைப் பயம் வேறு.

ஆட்களைத் தேடப் பிரதேச செயலகத்துக்குப் போய்ச் சமூக சேவை உத்தியோகத்தரைக் கேளுங்கள், கிராம அலுவலரையும் கேளுங்கள். ஆனால் பட்டியலை முழுதாக நம்ப வேண்டாம். காது கேளாதவர் நடப்பார், விறகு வெட்டுவார், வயலுக்குப் போவார், அதனால் அவருக்கென்ன குறை என்று விட்டுப்போயிருக்கும். ஊர்க் கடைக்காரருக்கும் முன்பள்ளி ரீச்சருக்கும் தெரியாத ஆள் இல்லை, அவர்களிடம் விசாரித்துக்கொண்டு வீடு வீடாகப் போங்கள். இதற்குக் குறுக்குவழி கிடையாது. ஒரு வீட்டுப் படலையில் நின்று நான் கேட்டபோது தாய் சொன்னார், "அவளுக்கு ஒண்டும் விளங்காது தம்பி, கூட்டிக்கொண்டு போய் என்ன செய்யப் போறியள்?" நாங்கள் கதைத்துக்கொண்டு நிற்க, அந்த ஒன்றும் விளங்காதவள் என் சைக்கிளின் பின்சில்லில் காற்று இல்லை என்று கையால் காட்டிவிட்டு, உள்ளே போய் பம்மையும் எடுத்துக்கொண்டு வந்தாள். தாய் அன்றைக்கும் ஓம் என்று சொல்லவில்லை. மூன்றாம் முறை போனபோதுதான் சொன்னார்.

பெயர் எழுதும்போது கவனம். கொப்பியோடு போய்ப் பெயர் என்ன, எப்போது காயப்பட்டது, எங்கே காயப்பட்டது என்று தொடங்கினால் எங்கள் சனத்துக்குப் பழைய பயம் திரும்ப வரும். நீங்கள் யார், எதற்கு எழுதுகிறீர்கள், அந்தத் தாள் யார் கைக்குப் போகும் என்பதை முதலில் சொல்லுங்கள். காயத்தின் கதை உங்களுக்குத் தேவையே இல்லை. வந்து போக என்ன வேண்டும், யார் கூட வருவார், சைகை தெரியுமா, எழுத வாசிக்கத் தெரியுமா, இவ்வளவும் போதும். முதல் தடவைக்கு 20, 25 பேருக்கு மேல் அழைக்காதீர்கள்.

அறிவித்தல் மூன்று விதமாகப் போக வேண்டும். பார்வையில்லாதவருக்கு வட்ஸ்அப்பில் குரல்பதிவு. காது கேளாதவருக்குக் குரல்பதிவு அனுப்பிப் பயனில்லை, அவருக்குச் சைகையில் ஒரு நிமிட வீடியோ, அதிலேயே திகதியையும் மண்டபத்தின் வாசலையும் காட்டிவிடுங்கள். போன் இல்லாத வீட்டுக்கு ஆள்தான் போக வேண்டும்.

இனி மொழிபெயர்ப்பாளர். அதிகம் மினக்கெட வேண்டிய இடம் இது. சைகை தெரிந்த ஒருவரைப் பிடித்து முன்னுக்கு நிறுத்தினால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். காது கேளாத பிள்ளைகள் படிக்கும் கைதடி நவீல்ட் பாடசாலையில் தங்கிப் படித்தவருக்கு அங்கே பழகிய சைகை. தெற்கில் பயிற்சி எடுத்தவர் பல சொற்களுக்கு வேறு சைகை காட்டுவார். யுத்த காலத்தில் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து பள்ளிக்கூடமே காணாமல் வளர்ந்தவரிடம் இருப்பது வீட்டுச் சைகை, அது அம்மாவுக்கும் தங்கச்சிக்கும்தான் விளங்கும். இந்த மூன்று பேரும் உங்கள் மண்டபத்தில் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருப்பார்கள், மூன்று பேருக்கும் ஒருவரே போதும் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். நாங்கள் கண்டுபிடித்த வழி இது: மொழிபெயர்ப்பாளர் சைகையில் சொல்வதை, பள்ளியில் படித்த காது கேளாத ஒருவர் பார்த்து, நடித்தும் சுட்டிக்காட்டியும் தேவையென்றால் நிலத்தில் கீறியும் வீட்டுச் சைகைக்காரருக்குக் கடத்துவார். நேரம் எடுக்கும், எடுக்கட்டும். அந்த வேலையைச் செய்பவருக்கும் மொழிபெயர்ப்பாளருக்குக் கொடுக்கும் அதே காசைக் கொடுங்கள், அதுவும் வேலைதானே. கூட்டத்துக்கு முதல் நாளே இவர்களை ஒரு மணித்தியாலம் சந்திக்க வையுங்கள், யாருக்கு எது விளங்கவில்லை என்று அப்போதே தெரிந்துவிடும். முடிந்தால் மொழிபெயர்ப்பாளர்கள் இரண்டு பேர் வேண்டும், ஒருவர் தொடர்ந்து செய்தால் அரை மணித்தியாலத்துக்குள் களைத்துவிடுவார், களைத்தவர் சொற்களை விழுங்குவார். ஒருவர்தான் கிடைத்தார் என்றால் அரை மணிக்கொருமுறை நிறுத்தித் தேத்தண்ணி குடியுங்கள். அவரைப் பேசுபவருக்குப் பக்கத்தில், முகத்தில் வெளிச்சம் விழும்படி நிறுத்துங்கள், யன்னலுக்கு முன்னால் நிறுத்தினால் முகம் கறுப்பாகத்தான் தெரியும். இன்னொன்று, தாளைக் கொடுத்துவிட்டு உடனே விளக்கத் தொடங்காதீர்கள். காது கேளாதவருக்குக் கண் ஒன்றுதான் வழி, தாளைப் பார்ப்பாரா கையைப் பார்ப்பாரா? வாசித்து முடிக்கவிட்டுப் பிறகு கதையுங்கள். லைவ் ட்ரான்ஸ்கிரைப் மாதிரி பேச்சை எழுத்தாக்கும் செயலி தமிழுக்கும் உண்டு, வாசிக்கத் தெரிந்தவருக்கு ஒரு கைத்தாங்கல், ஆனால் எங்கள் பேச்சை அது சில நேரம் என்னென்னவோவாக எழுதிவிடும், அதை மட்டும் நம்பிக் கூட்டம் வைக்காதீர்கள்.

மண்டபம் பார்க்க ஒரு சக்கர நாற்காலிக்காரரையே கூட்டிப் போங்கள். பொதுக் கட்டடங்களுக்கு அணுகும் வசதி வேண்டும் என்று 2006இலேயே ஒழுங்குவிதி வந்தது, இருந்தாலும் பல பொதுநோக்கு மண்டபங்களில் சரிவுப்பாதை உழவு இயந்திரம் ஏற்றுவதற்குப் போட்டது போலத்தான் இருக்கும். ஓர் அடி உயரத்துக்குப் 12 அடி நீளச் சரிவு, இதுதான் கணக்கு. மணல் முற்றம் என்றால் பலகை விரியுங்கள். மலசலகூடம்தான் பெரிய தலையிடி, குந்தும் மலசலகூடம் மட்டும் இருந்தால் கொமட் கதிரை ஒன்று இரவல் வாங்குங்கள், கதவால் நாற்காலி போகுமா என்று அளந்தும் பாருங்கள். இது சரியில்லை என்று தெரிந்தால் பெண்கள் காலையில் இருந்து தண்ணீரே குடிக்காமல் இருப்பார்கள், வெயிலில் அது கூடாது. முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர் ஒரே இருப்பில் இருந்தால் புண் வரும், அடிக்கடி உடம்பை அசைக்கவும் இடையில் படுக்கவும் பாயும் மறைப்பும் ஒழுங்கு செய்யுங்கள். கூட்டம் நடத்துபவர்கள் இதை மறந்தே போவார்கள், நானும் மறந்தேன்.

காசு எதற்குப் போகும் என்றால் ஓட்டோவுக்குத்தான். சாப்பாட்டில் மிச்சம் பிடித்தாலும் இதில் பிடிக்காதீர்கள், போய்வரும் கூலியை அன்றைக்கே கையில் கொடுங்கள். மடிக்க முடியாத நாற்காலி ஓட்டோவுக்குள் ஏறாது, அவருக்கு வான் பாருங்கள்.

அன்றைய நாளில் கதிரைகளை அரைவட்டமாகப் போடுங்கள், வரிசை போட்டால் பின்மூலை தானாக வந்துவிடும். கதைப்பவர் கையை உயர்த்தி, பெயரைச் சொல்லி, பிறகுதான் தொடங்க வேண்டும். உயர்த்திய கை காது கேளாதவருக்கு, பெயர் பார்வையில்லாதவருக்கு. காது கேளாதவர்களுக்குக் கைதட்டல் என்பது இரண்டு கையையும் மேலே தூக்கி ஆட்டுவது. நாங்கள் எல்லோரும் அப்படிச் செய்தபோது பாட்டுப் பாடி முடித்த பார்வையில்லாத அண்ணை ஒருவர், "என்ன, ஒருத்தருக்கும் பிடிக்கேல்லையோ?" என்று கேட்டார். அப்புறம் கையை ஆட்டிக்கொண்டே காலாலும் நிலத்தில் தட்டினோம்.

அறிமுகத்தில் எப்படிக் காயப்பட்டீர்கள் என்ற கேள்வி வரவே கூடாது. பெயர், ஊர், செய்யத் தெரிந்த ஒரு வேலை, அவ்வளவுதான். அதற்குப் பிறகு முதல் பாடத்தைக் காது கேளாதவர்கள் நடத்தட்டும்: தண்ணீர், சாப்பாடு, வலி, ஆஸ்பத்திரி, பஸ், காசு, மலசலகூடம் என்று இருபது சைகை. மற்றவர்கள் விரல் தடுமாறி முழிக்கும்போது மண்டபத்தில் யார் மாணவர், யார் ஆசிரியர் என்பது தலைகீழாகும். பார்வையில்லாதவருக்குக் கையைப் பிடித்து உருவத்தைக் காட்டலாம், அல்லது உள்ளங்கையில் விரலால் எழுத்து எழுதலாம். மெல்லத்தான் போகும், ஆனாலும் போகும். மிச்ச நேரத்துக்கு வந்தவர்களிடம் இருக்கும் வித்தையையே எடுங்கள். நாற்காலி ரியூப்புக்கு ஒட்டுப் போடத் தெரிந்தவர், போனில் திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் டோக்பாக் வைத்துத் தமிழில் கேட்கத் தெரிந்தவர், கொடுப்பனவு விண்ணப்பம் நிரப்பத் தெரிந்தவர் எல்லோரும் அதற்குள்ளேயே இருப்பார்கள், கொழும்பில் இருந்து வளவாளர் வரத் தேவையில்லை.

தாய்மார் பிள்ளைக்குப் பதிலாகத் தாங்களே பதில் சொல்வார்கள், பழக்கம் அப்படி. அவர்களை வேப்பமரத்தடிக்குத் தனியாகக் கூப்பிட்டுத் தேத்தண்ணியோடு அவர்களின் கவலையைக் கேளுங்கள், "எனக்குப் பிறகு யார் பார்ப்பினம்" என்பதில்தான் முக்கால்வாசிக் கதையும் நிற்கும். அந்த ஒரு மணித்தியாலத்தில் உள்ளே பிள்ளைகள் தாங்களாகப் பதில் சொல்லிப் பழகுவார்கள். படம் எடுப்பதென்றால் ஒவ்வொருவரையும் கேட்டு எடுங்கள், தாயைக் கேட்டது பிள்ளையைக் கேட்டதாகாது. செயற்கைக் காலைக் கழற்றிவைத்துவிட்டு ஆறுதலாக இருப்பவரை எடுக்கவே வேண்டாம்.

ஓட்டோக்கள் வர முன்னம் ஒரு வேலை இருக்கிறது. பெரிய கலண்டரைச் சுவரில் மாட்டி, அடுத்த கூட்டத்தின் நாளை அவர்களே தெரிவு செய்யட்டும். அந்த நாளுக்குச் சிவப்புப் பேனையால் வட்டம் போட வைத்து, பார்வையில்லாதவருக்கு வாயால் சொல்லி, காது கேளாதவருக்கு வட்டத்தைக் காட்டிவிட்டு அனுப்புங்கள். எங்கள் கலண்டரில் இரண்டாவது வட்டத்தைப் போட்டது சைக்கிளுக்கு பம் கொண்டுவந்து தந்த அந்தப் பிள்ளை. ஞாயிற்றுக்கிழமையில் போட்டாள், சனி வேண்டாமாம், சனியில் அவளுக்குத் தையல் வகுப்பாம்.