டிராக் கணக்கில் சக்தி இறங்குகிறதே என்று சந்தோஷப்படாதீர்கள்

அணுவில் இலத்திரனின் சக்தியை, சார்பியலையும் சேர்த்து, டிராக் சமன்பாட்டால் கணினியில் கணிப்பதுதான் டிராக் கணக்கு. அதில் அலகைக் குழப்புவது, அடைப்புக்குறியை விடுவது பற்றியெல்லாம் இங்கே எழுதவில்லை. அவை முதல் ஓட்டத்திலேயே காட்டிக் கொடுத்துவிடும். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீட்டு லாப்டாப்பில் இந்தக் கணக்கைப் படிக்கிற பிள்ளைகளை வாரக்கணக்கில் மினக்கெட வைப்பது, பிழையாக இருந்தும் சரி போலத் தெரிகிற விடைதான்.

சிறிய கூறுக்கும் அதே சார்புகள்

டிராக் சமன்பாட்டில் இலத்திரனின் அலைச்சார்புக்குப் பெரிய கூறு, சிறிய கூறு என்று இரண்டு உண்டு. சார்பியல் இல்லாத ஷ்ரோடிங்கர் கணக்குக்கு, அலைச்சார்பைக் கூட்டிக் கட்ட எழுதிய காஸ் சார்புகளை (மணி வடிவச் சார்புகள்) அப்படியே இரண்டுக்கும் போட்டுவிடுகிறார்கள். இதைப் பார்த்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது, ஏனென்றால் நிரல் ஒரு வழுவும் காட்டாமல் ஓடி முடியும்.

ஒற்றை இலத்திரனுள்ள யுரேனியத்தை எடுங்கள். 1எஸ் என்ற மிகத் தாழ்ந்த நிலையின் சக்தி ஷ்ரோடிங்கர்படி −4232 ஹார்ட்ரீ (அணுக் கணக்கின் சக்தி அலகு). புள்ளிக் கருவோடு, அதாவது கருவைப் பருமனில்லாத புள்ளியாக வைத்து, டிராக்படி −4861.2. இந்த நிரலோ அதற்கும் கீழே இறங்கும். "இறங்கினால் நல்லது" என்ற பழைய ஷ்ரோடிங்கர் பழக்கத்தில் பிள்ளை இன்னும் பத்துச் சார்புகளைச் சேர்க்கும். டிராக்கில் அந்தப் பழக்கம் செல்லாது. எதிர்ச்சக்தி நிலைகள் கீழே கிடப்பதால் தாங்கிப் பிடிக்கத் தரை இல்லை.

இயக்கச் சக்தி சிறிய கூறின் வழியாகத்தான் கணக்கில் வருகிறது. அந்தக் கூறுக்குத் தேவையான வடிவம் உங்கள் சார்புகளில் இல்லையென்றால் இயக்கச் சக்தி குறைத்து மதிப்பிடப்படும். இலத்திரன் செலவில்லாமல் கருவை நெருங்கும். வரம்பில் ஒரு நண்டு வளை இருந்தால் வயல் தண்ணீர் அதைத் தேடிப் பிடிப்பது போலத்தான்.

திருத்தம் இதுதான்: பெரிய கூறின் ஒவ்வொரு சார்பையும் ஆரையால் வகையிட்டு, அதே சார்பைக் காப்பாவால் (நிலையின் கோண உந்தத்தைக் குறிக்கும் முழு எண்) பெருக்கி ஆரையால் வகுத்துக் கூட்டுங்கள். வருவது சிறிய கூறின் சார்பு. 1எஸ் நிலைக்குக் காப்பா −1. பெரிய கூறு "ஆரை பெருக்கல் காஸ்" என்றால், வகையீட்டின் முதல் உறுப்பு அடிபட்டுப்போய் "ஆரையின் வர்க்கம் பெருக்கல் காஸ்" மட்டும் மிஞ்சும். இதற்குப் பெயர் இயக்கச் சமநிலை.

சோதிக்க ஐந்து நிமிடம் போதும். அணு அலகில் ஒளிவேகம் 137.036 என்பதை 13703.6 ஆக்கி ஓட்டுங்கள். சார்பியல் விளைவு ஏறக்குறைய மறைந்து, விடை ஷ்ரோடிங்கர் விடையை ஒட்டி வரும். −4232.05 வரவேண்டும். சற்று மேலே நின்றால் சார்புகள் போதவில்லை. தெளிவாகக் கீழே போனால் சமநிலை இல்லை.

காஸுக்குப் பதில் பி-ஸ்ப்ளைன் (முடிச்சுப் புள்ளிகளில் இணைத்த பல்லுறுப்பித் துண்டுகள்) பாவிப்பவர்களுக்கு வேறு அடையாளம்: காப்பா +1 இல், 1எஸ் சக்தியிலேயே ஒரு பொய் நிலை முளைக்கும். இரு கூறுகளுக்கும் வேறு வேறு வரிசை, 8உம் 9உம் போல, கொடுத்தால் அது போய்விடும்.

புள்ளிக் கரு

யுரேனியத்தில் 1எஸ் சார்பு கருவருகே ஆரையின் 0.741 அடுக்காக நடக்கும். பல்லுறுப்பிகள் அதைப் பிடிக்கத் திணறும். புள்ளிக்குப் பதில், கருவின் மின்னேற்றம் ஓரத்தில் மெல்லக் குறைகிற ஃபெர்மி பரவல் கொடுங்கள், சராசரி வர்க்க மூல ஆரை ஏறத்தாழ 5.86 ஃபெம்டோமீற்றர். அதாவது 0.00011 போர்; அதற்குள்ளும் சில முடிச்சுகள் விழவேண்டும். சக்தி ஏறக்குறைய 7.3 ஹார்ட்ரீ மேலே வரும். அதன் பிறகு −4861.2 உடன் ஒப்பிடாதீர்கள்.

எல்லா ஒபிற்றல்களையும் ஒரே தடவையில் விடுவது

பல இலத்திரன் அணுவில் எல்லா ஒபிற்றல்களையும் (இலத்திரன்களின் நிலைச் சார்புகள்) ஒன்றாக மாறவிட வேண்டாம். படை படையாகச் சேர்த்து, முன்பு கணித்த படையை மாறாமல் உறையவிடுங்கள்.

கரண்ட்

ஒவ்வொரு சுற்றிலும் ஒபிற்றல்களைக் கோப்பில் எழுதுங்கள். பழைய கோப்பின் மேல் எழுதாமல் புதுப் பெயரில் எழுதுங்கள். பழையதின் மேல் எழுதும்போதே கரண்ட் போனால் பழையதும் புதியதும் இல்லாமல் போகும்.