வெப் சேவைகளைத் தானாகக் கோர்க்கும் நிரல்: முதல் முறை எழுதுவோருக்கு

ஓர் ஆர்டர் வருகிறது. பொருளின் விலை ஒரு வெப் சேவையில் (நம் நிரல் இணையம் வழியாக அழைத்துக் கேட்கக்கூடிய இன்னொரு நிரலில்) இருக்கிறது, முகவரி இன்னொன்றில், கிடங்கு இருப்பு வேறொன்றில். பணம் வசூலிப்பதும் கூரியரில் பதிவதும் வெளி நிறுவனங்களின் சேவைகள். எதை முதலில் அழைப்பது, எதன் பதிலை எதற்குக் கொடுப்பது என்று நாமே நிரலில் எழுதிவிடலாம். நான்கைந்து சேவைகள் வரை அதுவே போதும். சேவைகள் பெருகி, அடிக்கடி மாறவும் தொடங்கினால்தான் திண்டாட்டம். அந்த வரிசையை நிரலே கண்டுபிடிக்கும்படி செய்யலாம். எந்த நிரல்மொழியானாலும் முறை ஒன்றுதான்.

படி 1: சேவைகளை விவரித்து எழுதுங்கள்

வேலையில் முக்கால்வாசி இதுதான், அவசரப்படாதீர்கள். ஒவ்வொரு சேவையும் என்ன கேட்கும், என்ன தரும் என்று குறித்துக்கொள்ள வேண்டும். ஓப்பன்ஏபிஐ கோப்பு (ஒரு சேவையை எப்படி அழைப்பது என்று விவரிக்கும் கோப்பு) கையில் இருந்தால் இது முடிந்துவிட்டது போலத் தோன்றும். ஆனால் அந்தக் கோப்பு ‘எடை ஓர் எண்’ என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றுவிடலாம். நான் முதலில் செய்த இணைப்பில் ஒரு சேவை எடையைக் கிராமில் தந்தது, கூரியர் சேவை கிலோவில் கேட்டது. இரண்டுக்கும் பெயர் ‘எடை’, இரண்டும் எண். நிரல் தயங்காமல் இணைத்துவிட்டது. 750 கிராம் பெட்டிக்கு 750 கிலோவுக்கான கட்டணம் வந்தது. பிழைச் செய்தி ஒன்றுகூட இல்லை, ஏனென்றால் எந்தச் சேவையும் தவறு செய்யவில்லை.

அதனால் வெறும் ‘எடை’ என்று எழுதாதீர்கள். பொருள் விளங்கும்படி பெயர் வையுங்கள்:

பொருள் விவரம்: பொருள் எண் → விலை, எடை-கிராம்
வாடிக்கையாளர் விவரம்: வாடிக்கையாளர் எண் → முகவரி
சலுகைக் கூப்பன்: வாடிக்கையாளர் எண் → கூப்பன் குறியீடு
இருப்பு ஒதுக்கல்: பொருள் எண் → ஒதுக்கீட்டு எண்
எடை மாற்றி: எடை-கிராம் → எடை-கிலோ
கூரியர் கட்டணம்: முகவரி, எடை-கிலோ → அனுப்பும் கட்டணம்
பில்: விலை, அனுப்பும் கட்டணம் → மொத்தத் தொகை
பணம் வசூல்: வாடிக்கையாளர் எண், மொத்தத் தொகை → ரசீது எண்
கூரியர் பதிவு: முகவரி, எடை-கிலோ, ரசீது எண் → டிராக்கிங் எண்

எடை மாற்றி நாமே எழுதும் இரண்டு வரி நிரல்தான். அதையும் ஒரு சேவையாகப் பட்டியலில் சேர்த்துவிட்டால், தேவைப்படும் இடத்தில் தானாக நடுவில் வந்து உட்காரும்.

படி 2: கூடையை நிரப்புங்கள்

ஒரு கூடை என்று வைத்துக்கொள்வோம். தொடக்கத்தில் அதில் இருப்பவை பொருள் எண்ணும் வாடிக்கையாளர் எண்ணும் மட்டும். இலக்கு, டிராக்கிங் எண்.

பட்டியலை மேலிருந்து கீழே பாருங்கள். கேட்பது எல்லாம் கூடையில் இருக்கும் சேவைகளை எடுத்து, பட்டியல் முடிந்த பிறகு அவை தருவதைக் கூடையில் போடுங்கள். இது ஒரு சுற்று. இலக்கு கூடைக்குள் வரும்வரை, அல்லது புதிதாக எதுவும் சேராமல் நிற்கும்வரை, சுற்றுங்கள். மேலே உள்ள பட்டியலுக்கு 6 சுற்று ஆகும். இந்தக் கட்டத்தில் எந்தச் சேவையையும் உண்மையில் அழைப்பதில்லை, பெயர்களை மட்டுமே பொருத்துகிறோம். ஒரே சுற்றில் வந்தவை ஒன்றையொன்று நம்பி இல்லாததால், பிறகு அவற்றை ஒரே நேரத்தில் ஓட்டலாம்.

படி 3: வேண்டாததைக் கழியுங்கள்

இப்போது இலக்கிலிருந்து பின்னோக்கி வாருங்கள். டிராக்கிங் எண்ணைத் தந்தது யார், அது கேட்டதைத் தந்தது யார் என்று போய், வழியில் அகப்படாத சேவைகளை விட்டுவிடுங்கள். சலுகைக் கூப்பன் கழிந்துவிடும். சரிதான்.

ஆனால் இருப்பு ஒதுக்கலும் சேர்ந்து கழிந்துவிடுகிறது, கவனித்தீர்களா? ஒதுக்கீட்டு எண்ணை யாரும் கேட்கவில்லையே! அப்படியே ஓட்டினால் கிடங்கில் இல்லாத பொருளுக்குப் பணம் வசூலாகும். தகவல் போகும் பாதையை மட்டும் வைத்து வணிக வரிசையைக் கண்டுபிடிக்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 2004-இல் வெப் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பிடம் சமர்ப்பிக்கப்பட்ட ஓடபிள்யூஎல்-எஸ் என்ற விவரிப்பு மொழி, உள்ளீடு, வெளியீடு ஆகியவற்றோடு முன்நிபந்தனை, விளைவு என்ற இரண்டையும் தனியாக வைத்திருப்பது இதற்காகத்தான்.

நாமும் அதையே செய்வோம். இருப்பு ஒதுக்கலின் விளைவு: ‘பொருள் ஒதுக்கப்பட்டது’. பணம் வசூலின் முன்நிபந்தனையும் அதுவே. விளைவுகளையும் கூடையில் போட்டு, முன்நிபந்தனைகளையும் கூடையில் தேடும்படி நிரலை மாற்றி மறுபடி ஓட்டுங்கள். ஒதுக்கல் திரும்பி வந்துவிடும்.

படி 4: நடுவில் அறுந்தால்?

பணம் வசூலாகி, கூரியர் பதிவு தோற்றுவிட்டது என்று வையுங்கள். பல நிறுவனங்களின் சேவைகளில் நடந்ததை, ஒரே தரவுத்தளப் பரிவர்த்தனை போல ஒரேயடியாக ரத்து செய்ய முடியாது. 1987-இல் ஹெக்டர் கார்சியா-மோலினாவும் கென்னத் சேலெமும் ‘சாகா’ என்ற பெயரில் சொன்ன வழி இங்கே கைகொடுக்கும். ஒவ்வொரு செயலுக்கும் அதை ஈடுசெய்யும் செயல் ஒன்றை எழுதிவைத்து, தோற்றால் கடைசியிலிருந்து அவற்றை ஓட்ட வேண்டும்: முதலில் பணத்தைத் திருப்பிக் கொடுத்தல், அப்புறம் ஒதுக்கீட்டை விடுவித்தல்.

இன்னொன்று, பதில் வரவில்லை என்றால் வேலை நடக்கவில்லை என்று அர்த்தமில்லை. பணம் போய்ச் சேர்ந்து, பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். ஆகவே பணம் வசூல் அழைப்பில் ஆர்டர் எண்ணைத் தனித்துவச் சாவியாக (இது முன்பே வந்த அழைப்புதான் என்று சேவை கண்டுகொள்ளும் அடையாளமாக) சேர்த்து அனுப்புங்கள். சேவைக்கு அந்த வசதி இருந்தால், இரண்டாம் முறை அழைத்தாலும் பணம் ஒருமுறைதான் எடுக்கப்படும். அந்த வசதி இல்லாத சேவையைத் தானாக மறுமுயற்சி செய்ய விடாதீர்கள்.

படி 5: ஓட்டுங்கள்

கிடைத்த வரிசையைச் சின்ன நிரலாகவே ஓட்டலாம். 2007-இல் ஓயாசிஸ் என்ற தர அமைப்பின் தரமான பிபெல் 2.0 (சேவைகளை அழைக்கும் வரிசையை எழுதும் மொழி), 2011-இல் வந்த பிபிஎம்என் 2.0 (வேலை வரிசையை வரைபடமாகக் காட்டும் முறை) போன்ற வடிவங்களில் எழுதி, அவற்றை ஓட்டும் எஞ்சின் என்ற மென்பொருளிடமும் கொடுக்கலாம். பிபிஎம்என் வரைபடமாகத் தெரிவதால், கணக்குப் பிரிவில் இருப்பவரும் பார்த்து ‘இந்த இடம் தவறு’ என்று சொல்ல முடியும். அதற்காகவே நான் அதைத் தேர்ந்தெடுப்பேன்.

ஓட்டும் முன் ஒரு சோதனை. பட்டியலிலிருந்து எடை மாற்றியை நீக்கிவிட்டு நிரலை இயக்குங்கள். ‘வழி இல்லை’ என்று அது நிற்க வேண்டும். அப்போதும் வழி கண்டுபிடித்தால் படி 1-க்குத் திரும்புங்கள், எடையைத் தரும் சேவையிலும் கேட்கும் சேவைகளிலும் இன்னும் வெறும் ‘எடை’ என்றே எழுதியிருக்கிறீர்கள்.