ஜாஸ் கேட்க ஆரம்பிக்கிறவர்களுக்கு மூன்று ஆல்பங்கள்

வேலூர் வெயிலில் பகல் முழுக்க வெந்துவிட்டு, ராத்திரி மொட்டை மாடியில் பாய் விரிக்கிற நேரம் இதற்குத் தோது. போன் ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதீர்கள். பேஸ் என்கிற கனத்த அடிநாதம் காணாமல் போய்விடும். பாதி ஜாஸ் அதில்தான் இருக்கிறது. சாதாரண இயர்போனே போதும்.

முதலில் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ (1959). முதல் பாட்டு ‘ஸோ வாட்’டில் மெட்டைச் சொல்வதே பேஸ் வாத்தியம்தான், மற்ற வாத்தியங்கள் இரண்டே சுரத்தில் ‘ஆமாம்’ போடும். பின்பாட்டு மாதிரி. அதைப் பிடித்துவிட்டால் மீதி தானாக வரும்.

அடுத்தது பியானோ கலைஞர் டேவ் ப்ரூபெக் குழுவின் ‘டைம் அவுட்’, அதே 1959. மிருதங்கம் கேட்டுப் பழகிய காதுக்கு இது சொந்த வீடு. இதில் வரும் ‘டேக் ஃபைவ்’ பாட்டு ஐந்து எண்ணிக்கை. ஆனால் நம் கண்ட சாபு தாளம் ‘தக தகிட’ என்று போகும், இது ‘தகிட தக’. காட்பாடி போகிற பஸ்ஸில் தொடையில் தட்டித்தான் எனக்கே அது பிடிபட்டது. பக்கத்து சீட்டுக்காரர் ஒரு மாதிரி பார்த்தார். அதே ஆல்பத்தின் ‘ப்ளூ ரோண்டோ’வில் ஒன்பது: தக தக தக தகிட. அதையும் தட்டிப் பாருங்கள்.

மூன்றாவது சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் ‘எ லவ் சுப்ரீம்’ (1965). நான்கு பகுதி, சுமார் 33 நிமிடம். இதை முதல் நாளே போடாதீர்கள், பயந்து ஓடிவிடுவீர்கள். ஒரு மாதம் போகட்டும்.