கைக்குத் தெரிந்ததைத் தாளுக்குக் கொண்டுவருவது எப்படி?

பல ஆண்டுகளாகச் செய்துவரும் ஒரு வேலையைப் பற்றி எந்த நூலையும் புரட்டாமல் நினைவிலிருந்தே எழுதிவிடலாம் என்று உட்காருபவருக்கு முதல் அரை மணி நேரம் இன்பமாகவே கழியும். சொற்கள் தாமாக வந்து விழும், வரிசை குழம்பாது, எழுதியதைப் படித்துப் பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பது போலவே தோன்றும். அதை இன்னொருவர் கையில் வைத்துக்கொண்டு வேலையைச் செய்ய முனையும்போதுதான் எத்தனை விடுபட்டிருக்கின்றன என்பது வெளிப்படும். இதற்கு மறதியைக் குறை சொல்ல முடியாது. நன்கு பழகிய வேலையில் பெரும்பகுதி கையிடமும் கண்ணிடமும் தங்கிவிடுகிறது. சொல்லாக மாற வேண்டிய தேவை அதற்கு ஒருபோதும் ஏற்பட்டிருக்காது.

எனவே, எழுதும் பொருளைத் தேர்ந்தெடுக்கும்போதே ‘எனக்கு நன்றாகத் தெரியும்’ என்ற உணர்வைச் சற்றுச் சோதித்துப் பார்க்க வேண்டும். யேல் பல்கலைக்கழகத்தில் ரோசன்ப்ளிட், கீல் என்ற இருவர் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், அன்றாடம் பயன்படுத்தும் ஜிப் போன்ற பொருள்கள் எப்படி இயங்குகின்றன என்பது தங்களுக்கு எவ்வளவு தெரியும் என்று மக்களையே மதிப்பிடச் சொன்னார்கள். பிறகு அந்த இயக்கத்தைப் படிப்படியாக எழுதச் சொல்லி, மறுபடியும் மதிப்பிடச் சொன்னபோது, பலர் தமக்குத் தாமே முன்னர் கொடுத்த மதிப்பெண்ணைக் குறைத்துக்கொண்டார்கள். 2006-இல் ரெபெக்கா லாசன் வெளியிட்ட இன்னோர் ஆய்வில், சைக்கிளின் சட்டம், பெடல், செயின் ஆகியவை எங்கே அமைகின்றன என்று வரையச் சொன்னபோது, செயினை இரண்டு சக்கரங்களுக்கும் சேர்த்து மாட்டிவிட்டவர்கள் இருந்தார்கள். அப்படி ஒரு சைக்கிள் இருந்தால் அதன் முன்சக்கரத்தைத் திருப்பவே முடியாது. வழக்கமாகச் சைக்கிள் ஓட்டுபவர்களிலும் சிலர் தவறினார்கள் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. பார்த்துப் பழகியதும் பயன்படுத்திப் பழகியதும் அறிவாகிவிடுவதில்லை. என்னைக் கேட்டால், ஒரு வேலையைப் பற்றி எழுதும் தகுதிக்கு ஆண்டுக்கணக்கைவிட நம்பகமான அடையாளம் ஒன்று உண்டு: அந்த வேலை உங்கள் கையில் கெட்டுப்போய், ஏன் கெட்டது என்று கண்டுபிடித்து, நீங்களே அதைச் சரிசெய்திருக்க வேண்டும்.

சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் ஒட்டுவது எப்படி என்று நான் ஒருமுறை எழுதினேன். முதல் பிரதி நான்கே வரிகளில் முடிந்துவிட்டது. டயரைக் கழற்றி டியூபை வெளியே எடுக்க வேண்டும். காற்றடித்து, தண்ணீரில் அமிழ்த்தி, குமிழி வரும் இடத்தில் ஓட்டையைக் காண வேண்டும். அந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஒட்டுத் துண்டை வைத்து அழுத்த வேண்டும். பிறகு டியூபை உள்ளே வைத்துக் காற்றடிக்க வேண்டும். இதில் ஒரு சொல்கூடப் பிழையில்லை. ஆயினும் அதைப் படித்துச் செய்தவருக்கு ஒட்டு அன்றே பெயர்ந்துவிட்டது. மறுபடி ஒட்டிய பிறகு, அடுத்த நாள் அதே இடத்துக்கு அருகிலேயே புதிய ஓட்டை விழுந்தது.

பிறகு நானே ஒரு டியூபை எடுத்துவைத்துக்கொண்டு, வழக்கமான வேகத்தில் பாதி வேகத்தில் ஒட்டிப் பார்த்தேன். சொல்யூஷனைத் தடவிய பிறகு என் கை தானாகவே நின்றது. அதன் ஈரப் பளபளப்பு மங்கி, பசை காய்வதற்காக நான் காத்திருக்கிறேன் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஈரமாக இருக்கும்போதே ஒட்டுத் துண்டை வைத்தால் அது நன்றாகப் பிடிக்காது. டியூபை உள்ளே வைப்பதற்கு முன்பு ஒரு துணியைச் சுருட்டி டயரின் உட்புறம் முழுவதும் மெதுவாக ஓட்டினேன். துணி சிக்கிய இடத்தில்தான் முள் இருக்கும். அதை எடுக்காமல் விட்டால், ஒட்டு எவ்வளவு நன்றாக இருந்தாலும் பயனில்லை. டியூபில் சிறிது காற்றை அடைத்து வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகே உள்ளே வைத்தேன். அப்போதுதான் அது டயருக்கும் ரிம்முக்கும் இடையே மடிந்து நசுங்காது. காத்திருத்தல், துணியை ஓட்டுதல், சிறிது காற்றடைத்தல் ஆகிய மூன்றும் முதல் பிரதியில் இல்லவே இல்லை. நான் அவற்றை மறந்திருந்தேன் என்று சொல்வதற்கில்லை. ஒவ்வொரு முறையும் செய்துகொண்டுதான் இருந்தேன்.

ஆகவே, முடிந்தவரை வேலையைச் செய்துகொண்டே எழுதுவதே நல்லது. கைகள் இரண்டும் வேலையில் இருக்குமானால், செய்வதை வாய்விட்டுச் சொல்லிக் கைப்பேசியில் பதிந்துகொள்ளலாம். கை எங்கெல்லாம் நிற்கிறதோ, கண் எங்கெல்லாம் திரும்பிப் பார்க்கிறதோ, அங்கெல்லாம் ஏதோ ஒரு முடிவு எடுக்கப்படுகிறது என்று கொண்டு, அந்த முடிவு என்ன என்பதை எழுத வேண்டும். ‘பதமாக’, ‘போதுமான அளவு’, ‘சரியான நேரத்தில்’ போன்ற சொற்கள் உங்கள் பிரதியில் எங்கே வந்தாலும் அடிக்கோடிடுங்கள். உங்கள் அனுபவம் முழுவதும் அவற்றின் அடியில்தான் புதைந்திருக்கிறது. அந்த இடங்களில் நிறம் எப்படி மாறுகிறது, ஒலி எப்படிக் கேட்கிறது, தொட்டால் எப்படி இருக்கிறது என்று எழுதினால், முன்பின் அறியாதவரும் அதைத் தன் கண்ணால் பார்த்து உறுதிசெய்துகொள்ள முடியும்.

நமக்குள் தெளிவாக இருப்பது படிப்பவருக்கும் தெளிவாகத்தான் இருக்கும் என்று நம்புவது இயல்பு. 1990-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் செய்த ஆய்வு இதை நன்றாகக் காட்டுகிறது. எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாடலின் மெட்டை ஒருவர் மேசையில் தட்ட, எதிரே இருப்பவர் அது எந்தப் பாடல் என்று சொல்ல வேண்டும். பாதிப் பாடல்களையாவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் எண்ணினார்கள். தட்டிய 120 பாடல்களில் கண்டுபிடிக்கப்பட்டவை மூன்று மட்டுமே. தட்டுபவரின் மனத்தில் பாடல் முழுவதும் ஒலித்துக்கொண்டிருக்கிறது. கேட்பவருக்கோ வெறும் தட்டொலிதான் கேட்கிறது.

நினைவு விட்டுவிடுவதோடு நிற்காமல், இல்லாததை இட்டு நிரப்பவும் செய்யும். ஃபிரெடரிக் பார்ட்லெட் 1932-இல் வெளியிட்ட ஆய்வில், வட அமெரிக்கப் பழங்குடியினரின் கதை ஒன்றைப் படித்துவிட்டுத் திரும்பச் சொன்ன ஆங்கிலேயர்கள், தமக்குப் பழக்கமில்லாத நிகழ்ச்சிகளைப் பழக்கமானவையாக மாற்றிச் சொன்னார்கள். சீல் வேட்டை மீன்பிடிப்பாகிவிட்டது. இதனால்தான், செயலின் வரிசையை நினைவிலிருந்து எழுதலாமே தவிர, எண்களை அப்படி எழுதக் கூடாது என்று நான் உறுதியாகக் கருதுகிறேன். அளவு, வெப்பநிலை, நேரம், ஆண்டு ஆகியவை வரும் இடங்களை வெற்றிடமாக விட்டுச்செல்லுங்கள். எழுதி முடித்த பிறகு அளந்தோ நம்பகமான ஓரிடத்தில் பார்த்தோ நிரப்புங்கள். நிரப்ப முடியாவிட்டால் அந்த வரியையே நீக்கிவிடுங்கள். மருந்து, மின்சாரம், எரிவாயு ஆகியவை தொடர்பான வேலைகளை நினைவை மட்டும் நம்பி எழுதவே கூடாது.

எழுதியதைத் திருத்தும்போது, ஒரு நூலுக்கு ஆகாதவை என்று நன்னூல் அடுக்கும் பத்துக் குற்றங்களைக் கண்முன் வைத்துக்கொள்வது எனக்கு உதவியிருக்கிறது. நினைவிலிருந்து எழுதுபவர் அடிக்கடி சறுக்குவது அவற்றுள் இரண்டில்: சொல்ல வேண்டியதைக் குறைத்துச் சொல்லும் ‘குன்றக் கூறல்’, சொல்ல வந்ததை விட்டு வேறொன்றை விரித்துச் சொல்லும் ‘மற்றொன்று விரித்தல்’. மிகவும் பழகிய படியைக் குன்றக் கூறுகிறோம். நமக்கு மிகவும் பிடித்த பகுதி வந்ததும் அதன் வரலாறு, கருவிகளின் வகை, நாம் கற்றுக்கொண்ட கதை என்று விரித்துக்கொண்டே போகிறோம். கருவிகளை முதலிலேயே ஒரு பத்தியில் சொல்லி முடித்துவிட்டு, நீளத்தையெல்லாம் வேலை கெடக்கூடிய இடங்களுக்கு ஒதுக்கிவைப்பதே முறை.

கடைசியாக, அந்த வேலையை ஒருபோதும் செய்திராத ஒருவரிடம் பிரதியைக் கொடுத்து, அவர் செய்வதை அருகிலிருந்து பாருங்கள். வாயைத் திறக்காமல் இருப்பது மிகக் கடினம். ஆயினும் அவருக்குக் காயம் படும் என்றாலன்றிப் பேசாதீர்கள். அவர் ஒரு வரியை இரண்டாம் முறை படித்தாலோ, நிமிர்ந்து உங்கள் முகத்தைப் பார்த்தாலோ, உங்கள் பிரதியின் ஓரத்தில் அந்த வரிக்கு நேரே ஒரு கோடு போடுங்கள். கோடு விழுந்த வரிகளை அன்றைக்கே திருத்தி எழுதிவிடுங்கள். ஓர் இரவு கழிந்தால், அவர் ஏன் அங்கே தயங்கினார் என்பது உங்களுக்கு மறந்துபோயிருக்கும்.