இளவரச ஆயரின் வெள்ளித் தாலரை அடையாளம் காண்பது எப்படி?

1803 வரை ஜெர்மானிய ஆயர்கள் (கத்தோலிக்க பிஷப்புகள்) பலர் மறைமாவட்டத்தோடு ஒரு நாட்டையும் ஆண்டார்கள். தங்கள் பெயரிலேயே தாலர் என்ற பெரிய வெள்ளிக் காசும் அடித்தார்கள். கையில் உள்ள காசைச் சோதிக்க 0.01 கிராம் வரை காட்டும் தராசு, 10 மடங்கு லென்ஸ், ஒரு டம்ளர் தண்ணீர், தையல் நூல் இருந்தால் போதும்.

1. முதலில் காசில் உள்ள கேடயச் சின்னம். அதன் பின்னால் வாளும், நுனி வளைந்த ஆயர் கோலும் எட்டிப் பார்க்கின்றனவா? வாள் நாட்டாட்சிக்கு, கோல் ஆயர் பதவிக்கு. அடுத்து உள்ளே இருக்கும் சின்னம். சிங்கத்தின் மேல் சாய்ந்த பட்டை இருந்தால் பாம்பெர்க் ஆயரின் காசு. சக்கரம் என்றதும் மைன்ஸ் என்று முடிவு கட்டாதீர்கள், ஓஸ்னாப்ரூக்குக்கும் சக்கரம்தான். லென்ஸை வைத்தால் நிறத்தைக் குறிக்கும் மெல்லிய கோடுகள் தெரியும்: நின்ற கோடு சிவப்பு, படுத்த கோடு நீலம், கட்டம் கறுப்பு, புள்ளி தங்கம், வெறுமை வெள்ளி. மைன்ஸில் சிவப்புத் தளத்தில் வெள்ளிச் சக்கரம், ஓஸ்னாப்ரூக்கில் நேர்மாறு. சிலுவைக்கும் இதே வழி: ட்ரியர் சிவப்பு, கொலோன் கறுப்பு. அச்சு வெட்டியவர்கள் எல்லோரும் கோடுகளை ஒழுங்காகப் போடவில்லை, அதனால் எழுத்தோடு ஒப்பிடாமல் விடாதீர்கள்.

2. ஓரத்து லத்தீன். 'டி.ஜி.' கடவுள் அருளால்; 'இ.பி.' ஆயர்; 'எஸ்.ஆர்.ஐ.பி.' புனித உரோமைப் பேரரசின் இளவரசர். 'யு' வரவேண்டிய இடத்தில் 'வி' இருக்கும். குடும்பப் பெயர் பெரும்பாலும் இருக்காது. குடும்பச் சின்னம்தான் அதைச் சொல்லும். இரண்டு ஊர்ப் பெயர் வந்தால் பிழை என்று நினைக்க வேண்டாம்: ஃபிரான்ஸ் லுட்விக் ஃபொன் எர்தால் 1779 முதல் 1795 வரை பாம்பெர்க், வூர்ட்ஸ்பர்க் இரண்டுக்கும் ஆயர். 'செடே வகாந்தே' என்றிருந்தால் ஆயர் இல்லாத இடைவெளியில் குருக்கள் பேரவை அடித்த காசு. ஐக்‌ஷ்டெட்டின் 1790 தாலர் அப்படிப்பட்டது.

3. எடை. 1753-க்குப் பிந்தைய கன்வென்ஷன் தாலர் (உடன்படிக்கை அளவுப்படி அடித்தது) என்றால் 28.06 கிராம், ஆயிரத்துக்கு 833 பங்கு வெள்ளி. தேய்ந்த காசில் கொஞ்சம் குறையும். ஆனால் ஆயர் உருவத்தின் முடி இழை தேயாமல் கூர்மையாக இருந்தும் எடை 26 காட்டினால் வாங்காதீர்கள்.

4. அடர்த்தி. தண்ணீர் டம்ளரைத் தராசில் வைத்து பூஜ்ஜியமாக்குங்கள். காசை நூலில் கட்டி முழுதும் மூழ்கவிடுங்கள், அடியைத் தொடக் கூடாது. 28.06 கிராம் காசுக்குச் சுமார் 2.75 காட்ட வேண்டும்; எடையை அதால் வகுத்தால் 10.2. காசில் காற்றுக் குமிழி ஒட்டினால் எண் ஏறி, நல்ல காசும் போலியாகத் தெரியும். ஒரு சொட்டு சோப்பு நீர் விட்டு மறுபடி பாருங்கள். ஈயக் கலவையையும் 10.2-க்குக் கொண்டுவரலாம் என்பதால் இதை மட்டும் நம்ப வேண்டாம்.

5. பரப்பு. ஒரே திசையில் ஓடும் அரக் கோடுகள், அச்சடிக்கும் முன்பு எடையைச் சரிசெய்ய அக்கசாலையிலேயே அராவியவை, குறை அல்ல. விளிம்பில் 12 மணி இடத்தில் மட்டும் தட்டையாகவோ நிறம் மாறியோ இருந்தால், பதக்கமாகக் கோத்த வளையத்தை எடுத்த தழும்பு. அங்கே விலையைக் குறைத்துக் கேளுங்கள்.