மாதுளைச் சாறு கசக்காமல் இருக்க

வீட்டில் எடுத்த மாதுளைச் சாறு நாக்கை இழுத்துப் பிடிக்கிற அளவுக்குத் துவர்த்தால், பெரும்பாலும் காரணம் மிக்ஸிதான். முத்துக்குள் இருக்கும் விதையையும், நடுவிலுள்ள வெளிர்மஞ்சள் சவ்வையும் பிளேடு சேர்த்து அரைத்துவிடுகிறது.

எனக்குச் சரிவந்த முறை: பழத்தின் கிரீடம் போன்ற முடிப் பக்கத்தை மூடி போல வெட்டி எடுத்து, சவ்வு ஓடும் கோடுகளில் தோலை மட்டும் கீறிப் பிளக்கவும். தண்ணீருக்குள் வைத்து உதிர்த்தால் முத்து அடியில் தங்கும், சவ்வு மிதக்கும். சட்டையிலும் கறை தெறிக்காது. மிதப்பதை ஒட்ட அள்ளிவிட்டு முத்துகளை நன்றாக வடியவிடவும். பிறகு மிக்ஸியில் போட்டு, பல்ஸில் (விட்டுவிட்டு ஓட்டும் நிலையில்) ஒவ்வொரு நொடியாக இரண்டு மூன்று சுற்று. விதை உடையவே கூடாது. வடிகட்டியில் ஊற்றி, கரண்டியின் பின்பக்கத்தால் லேசாக அழுத்தவும். கடைசிச் சொட்டுக்கு ஆசைப்பட்டுத் துணியில் முறுக்கினால் மறுபடி கசப்புதான்.

சிரப் காய்ச்ச 4 கப் சாறு, அரை கப் சர்க்கரை, கால் கப் எலுமிச்சைச் சாறு. அலுமினியமும் இரும்பும் வேண்டாம், புளிப்பு பட்டால் உலோக வாடை ஏறும். அகலமான எவர்சில்வர் பாத்திரத்தில், சிறு தீயில், ஏறக்குறைய ஒரு கப்பாக வற்ற வேண்டும். சற்று நீர்க்க இருக்கும்போதே இறக்கவும், ஆறியதும் கெட்டியாகும். ரொம்ப இறுகிப்போனால் ஒரு கரண்டி வெந்நீர் விட்டுச் சூடாக்க, இளகும்.